ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ், பல மென்பொருள்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலின் தேவார வகுப்பை இணையத்தில் நடத்தும்போது, ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்த மறுகணமே ஆசிரியரின் குரல் மாணவர்களுக்குக் கேட்காமல் போய்விடும். குறை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் இல்லை. விண்டோஸில் ஏஸியோ (ASIO) என்னும் ஒலி இயக்கி (driver) பெரும்பாலும் கருவியை ஒரே மென்பொருளின் கையில் ஒப்படைத்துவிடுகிறது என்பதே காரணம். ஆகவே ஒலிப்பதிவு மென்பொருளின் அமைப்பில் ஏஸியோவை விட்டுவிட்டு, விண்டோஸின் சொந்த ஒலி வழியான வாசாபியின் (WASAPI) பகிர்வு முறையைத் (shared mode) தேர்ந்தெடுங்கள். பின்னர் விண்டோஸின் ஒலி அமைப்பில் கருவியின் பண்புகளைத் திறந்து, மென்பொருள்கள் அதைத் தனியுரிமையாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை நீக்குங்கள். ஒலிப்பதிவு (Recording) பக்கத்திலும் ஒலி இயக்க (Playback) பக்கத்திலும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும், பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளப்பது என்னும் மாதிரி வீதத்தை (sample rate) எல்லா இடத்திலும் 48,000 ஹெர்ட்ஸ் என ஒன்றாகவே வையுங்கள். பகிர்வு முறையில் ஒலி சற்றுத் தாமதமாகத் திரும்பும் என்பதால், பாடுபவர் தம் குரலைக் கணினி வழியாகக் கேட்காமல், பெட்டியிலேயே நேரடிக் கேட்பு (direct monitor) விசை இருந்தால் அதைப் போட்டு ஹெட்போனில் கேட்பதே நல்லது. தாளம் தட்டுகிற பிள்ளைகளுக்கு அந்த இம்மித் தாமதமும் கையைத் தடுமாற வைத்துவிடும். மேக் கணினியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அங்கே மேக்கின் ஒலி அமைப்பான கோர் ஆடியோ இயல்பாகவே கருவியைப் பகிர்ந்தளிக்கிறது.