ஆலை மோட்டர் அளவுக்கு மீறிச் சூடானால் மூன்று பேஸ்களையும் அளந்து பாருங்கள்

பெரும்போக அறுவடைக்குப் பின் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைகள் ஓய்வின்றி ஓடும் நாட்களில் மூன்று பேஸ் மோட்டர் (மூன்று மின் வயர்களில் சப்ளை பெறும் மோட்டர்) வழக்கத்தை விடச் சூடானால், முதலில் பேஸ்களுக்கு இடையிலான வோல்டேஜை அளந்து பாருங்கள். 410, 398, 392 வோல்ட் என்று வந்தால் சராசரி 400, அதிலிருந்து மிகக் கூடிய விலகல் 10, ஆகவே வோல்டேஜ் சமனின்மை 2.5 சதவீதம். இது சிறிதாகத் தோன்றினாலும், மின்னோட்டத்தின் சமனின்மை இதைப் போல 6 முதல் 10 மடங்கு வரை உயரக்கூடும். வோல்டேஜ் சமனின்மை 1 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டரின் சுமையைக் குறைக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் மோட்டரை ஓட்டவே கூடாது.

ரீவைண்டிங்குக்கு (மோட்டரின் கம்பிச் சுருளை மீண்டும் சுற்றுவதற்கு) காசு கொடுப்பதற்கு முன் இன்னொரு சோதனை மிக அவசியம். வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மூன்று வயர்களின் அம்பியரையும் குறித்துக்கொண்டு, மெயின் சுவிட்சை நிறுத்திய பின், தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு மோட்டரின் மூன்று வயர்களையும் வரிசை மாறாமல் ஒவ்வொன்றையும் அடுத்த சப்ளை பேஸுக்கு நகர்த்திப் பூட்டச் செய்யுங்கள். இதனால் சுழலும் திசை மாறாது. மீண்டும் ஓட்டி அளக்கும்போது கூடிய அம்பியர் அதே சப்ளை பேஸிலேயே நின்றால் குறை சப்ளைப் பக்கத்தில் இருக்கிறது. மோட்டர் வயருடன் சேர்ந்து நகர்ந்தால் குறை மோட்டரில் இருக்கிறது. சப்ளைப் பக்கம் என்று தெரிந்தால், கடலோர உப்புக் காற்றில் அரித்துப்போன கான்டாக்டர் (மோட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகளையும், ஒரே பேஸில் குவிந்து கிடக்கும் சிங்கிள் பேஸ் சுமைகளையும் முதலில் பாருங்கள்.