விளக்கை அணைத்த பிறகு மீட்டரைப் பாருங்கள்

'புவி நேரம்' என்று தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் ஒரு வேண்டுகோள் வரும். வழக்கமாக மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை விளக்குகளை அணைத்து வையுங்கள் என்பார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கிய இயக்கம் அது. சில ஆண்டுகளுக்கு முன் அதைப் பார்த்த கையோடு நாங்களும் அணைத்தோம். விளக்கு, மின்விசிறி, டிவி எதுவும் ஓடவில்லை. சேலத்துப் புழுக்கத்தில் உள்ளே இருக்க முடியாமல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தோம். அப்போதுதான் மீட்டர் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னுவதைக் கவனித்தேன். ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று அதையும் அணைத்தேன். புள்ளி நிற்கவில்லை.

மேட்டூரில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். நிலக்கரி எரிந்துதான் அந்தப் புள்ளி மின்னுகிறது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது. இருட்டில் உட்கார்ந்து பூமிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எங்கள் வீடு எதற்காகவோ எரித்துக்கொண்டிருந்தது. அது எதற்காக என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. நான் கண்டுபிடித்த வழியை அப்படியே சொல்கிறேன்.

இரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு செய்யுங்கள். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு, அதாவது சிவப்புப் புள்ளி எத்தனை முறை மின்னும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எங்களுடையதில் 3200, சிலவற்றில் 1600 இருக்கும். பெட்டியைத் திறக்க வேண்டாம், சீலைத் தொடவே வேண்டாம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும்.

விளக்கு, விசிறி, டிவி எல்லாவற்றையும் நீங்கள் தினமும் அணைக்கும் முறையிலேயே அணையுங்கள். ரிமோட்டில் அணைக்கிற பழக்கம் என்றால் ரிமோட்டில்தான். ஃப்ரிட்ஜை மட்டும் சுவிட்சில் அணைத்துவிடுங்கள், கதவைத் திறக்காதீர்கள். திரும்பப் போடும்போது அணைத்து ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். உடனே போட்டால் கம்ப்ரஸருக்கு ஆகாது.

இப்போது செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 1125ஐ அந்த விநாடியால் வகுங்கள். 1600 என்றால் 2250ஐ வகுங்கள். கிடைப்பது வாட். எங்கள் வீட்டில் 30 விநாடி வந்தது. அதாவது 37.5 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்தில் ஒரு குழல் விளக்கு எரிகிற அளவு.

பிறகு ஒவ்வொரு பிளக்காகச் சுவிட்சில் அணைத்துவிட்டு வந்து மறுபடி எண்ண வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. என் மகன் உள்ளே சுவிட்ச் பக்கம், நான் வெளியே மீட்டர் பக்கம். செட்டாப் பாக்ஸை அணைத்ததும் இடைவெளி 45 விநாடி ஆனது. அந்தப் பெட்டி மட்டும் 12.5 வாட்! நாளுக்கு நான்கு மணி நேரம் டிவி பார்க்கிறோம். மீதி இருபது மணி நேரமும் அது சும்மா குடிப்பது, இரண்டு மாத பில்லுக்கு 15 யூனிட். அடுத்தது இன்வெர்ட்டர், கடைசியில் மோடம். அதையும் அணைத்த பிறகு சிவப்புப் புள்ளி மின்னவில்லை. இருவரும் இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே கை வைக்காதீர்கள்.

செட்டாப் பாக்ஸை இப்போது படுக்கப் போகும்போது சுவிட்சில் அணைக்கிறோம். காலையில் படம் வரத் தாமதமாகிறது என்று மாமியாருக்கு முதலில் வருத்தம். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி கலக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. மோடமும் இரவில் ஓய்வெடுக்கிறது. இன்வெர்ட்டரை அணைக்கவில்லை. மின்தடை எப்போது வரும் என்று தெரியாத ஊரில், வயதானவர் இருக்கும் வீட்டில், அது வேண்டும். எல்லாவற்றையும் துறக்கச் சொல்லும் பிரசாரம் என் வீட்டுக்குப் பொருந்தாது.

அதே முறையில் ஓடுகிற பொருள்களையும் அளக்கலாம். எங்கள் பழைய மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் இழுத்தது. 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறி, அதாவது மின்சாரம் குறைவாக இழுக்கும் வேறு வகை மோட்டார் உள்ள விசிறி ஒன்று வாங்கினோம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் பில்லுக்கு 32 யூனிட் மிச்சம். வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டர் வழியாக அதற்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது, நேர் இணைப்புத்தான். எங்களுக்கு இது தெரியாமல் முதல் வாரம் விசிறி விட்டு விட்டு ஓடியது.

நம்மிடம் மட்டும் கணக்குக் கேட்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒவ்வொருவரும் தன் 'கார்பன் காலடித்தட'த்தை, அதாவது தன்னால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதை அளக்க வேண்டும் என்ற பேச்சைப் பரப்பியதில், 2000களின் நடுவில் பிபி என்ற எண்ணெய் நிறுவனம் செய்த விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் என் மீட்டரைக் கவனிப்பதை விடவில்லை. எங்கள் தெருவில் பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்த மூன்று விளக்குகள் என் கண்ணில் பட்டதே இந்தப் பழக்கம் வந்த பிறகுதான். கம்பத்து எண்களைக் குறித்து வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். போகிறவர்கள் கம்பத்து எண்ணை மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் எந்த விளக்கு என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா தன் மீட்டரைப் பார்க்கக் கூப்பிட்டார். 18 விநாடிக்கு ஒரு மின்னல், 62 வாட். மாடிப்படிக்குக் கீழே இருந்த அவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. தண்ணீர் அளவு காட்டும் மிதவைகள் எல்லாம் அடியில் கிடந்தன. மறுநாள் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றினோம். இந்தச் சனிக்கிழமை மறுபடி எண்ணப் போகிறோம்.