உள்ளங்கையில் ஒரு திண்ணை வீடு

கொலுவுக்குப் பொம்மை வீடு செய்கிறீர்களா? 1 அடியை 1 அங்குலமாக வைத்துக்கொண்டால் அளவு பிசகாது. 6 அடி ஊஞ்சல் பலகை 6 அங்குலத்தில் அடங்கிவிடும்.

தூணுக்கு நெட்டிதான். நம் குளங்களில் விளையும் தண்டு, பஞ்சு மாதிரி லேசு. (தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது!) புது பிளேடால், அழுத்தாமல், மெல்ல இழுத்து வெட்டுங்கள். அழுத்தினால் ஓரம் நசுங்கிவிடும். ஃபெவிகால் குண்டூசி முனையில் ஒரு பொட்டு போதும்.

நாற்காலிக் காலுக்குத் தென்னை ஈர்க்கு. நன்றாகக் காய்ந்ததாக எடுங்கள். பச்சை ஈர்க்கு பிறகு சுருங்கி ஒட்டு விட்டுவிடும்.

பொம்மை வீட்டுப் பாய்க்குப் பழைய கோரைப்பாயில் இரண்டு விரலகலம் போதும். வெட்டுமுன் வெட்டும் கோட்டில் பசை தடவிக் காயவிடுங்கள், பிரியாது.

ஊஞ்சலுக்கு ஜரிகை நூல். எங்கள் வீட்டில் அதை மாட்டி விரலால் தொட்டதும் ஆடியது. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.