வெளிநாட்டிலிருந்து சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுக்க: கோப்பு முதல் குடியுரிமை வரை

தத்தெடுப்பு முகமைகள் தொடக்கத்திலேயே ஒரு படிவம் தரும். பிளவுபட்ட உதடு, வளைபாதம், காது கேளாமை, பிறவி இதயக் குறை, டவுன் சிண்ட்ரோம், எச்.ஐ.வி. என்று நீளும் பட்டியலில் எவற்றை ஏற்பீர்கள் என்று குறிக்க வேண்டும். இரக்கத்தில் எல்லாவற்றையும் டிக் செய்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். சிகிச்சை தரும் நிபுணர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? சிகிச்சை எத்தனை ஆண்டு நீளும்? அத்தனை நாளும் கூடவே போய்வர யார் இருக்கிறார்கள்? வளைபாதத்துக்கு வாரம் ஒரு மாவுக்கட்டாகச் சில வாரங்கள் போட்டு, அதன்பின் பிரேஸ் (பாதத்தை நேராக வைத்திருக்கும் காலணிக் கருவி) மாட்ட வேண்டும்: முதல் சில மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு சுமார் 4 வயது வரை தூங்கும்போது. கடுமையான தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) என்றால் பெரும்பாலும் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். எச்.ஐ.வி.க்கு நாள் தவறாமல் மருந்து. பெயர் பயமுறுத்துவதற்கும் அன்றாடச் சிரமத்துக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

காகித வேலையில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் நாட்டின் ஒப்புதலும் சமூகப் பணியாளரின் வீட்டாய்வு அறிக்கையும். பிறகுதான் குழந்தையின் நாட்டுக்கு உங்கள் கோப்பு போகும். காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று போன்றவை காலாவதியாகக் கூடியவை. முதலிலேயே வாங்கி வைத்தால், மொழிபெயர்ப்பும் அபோஸ்டில் முத்திரையும் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க அரசு தரும் சான்று) முடிவதற்குள் செல்லாமல் போய்விடும். அவற்றைக் கடைசியில் வாங்குங்கள். குழந்தையின் நாடு இன்னும் கதவைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதையும் அதிகாரப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தியோப்பியா 2018இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடை செய்தது. சீனா 2024இல், நெருங்கிய உறவினர் தவிர மற்றவர்களுக்கு நிறுத்திவிட்டது.

நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி, குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரு நாடுகளிலும் தத்தெடுப்பைக் கவனிக்கும் அரசு அமைப்புகளான மத்திய ஆணையங்களும் சம்மதித்த பிறகே தத்து தொடரலாம். ரசீதில்லாத பணம் கேட்டாலோ, பெற்ற தாயுடன் முன்கூட்டியே நேரில் பேச உங்களை அழைத்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அவசரத்தில் வந்த கையெழுத்து ஒரு தாயின் உண்மையான சம்மதமாக இல்லாமல் போகலாம்.

குழந்தையின் கோப்பு வந்தால் பதில் சொல்லச் சில நாட்களே கிடைக்கலாம். தத்துக் குழந்தைகளின் கோப்புகளைப் படித்துப் பழகிய மருத்துவரிடம் அதற்கு முன்பே பேசி வையுங்கள். கோப்பில் எழுதியிருக்கும் குறையைவிட, எழுதாமல் விட்டது பெரிதாக இருக்கலாம். உயரம், எடை, தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்த தேதிகளோடு கேளுங்கள். காப்பகத்தில் 3 மாதம் இருந்தால் ஏறக்குறைய 1 மாத வளர்ச்சி குறையும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. எடையும் உயரமும் வீட்டுக்கு வந்தபின் பெரும்பாலும் தேறிவிடும். தலைச் சுற்றளவு தொடக்கத்திலிருந்தே மிகக் குறைவென்றால் மூளை வளர்ச்சியைப் பற்றித் தனியாக விசாரியுங்கள்.

காணொளி கேட்கும்போது சிரிக்கும் முகம் மட்டும் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, தரையிலிருந்து எப்படி எழுகிறது, இரண்டு கைகளையும் பயன்படுத்துகிறதா, கெட்டியான உணவை மெல்கிறதா என்று வெட்டாமல் எடுத்த பதிவாகக் கேளுங்கள். உங்களால் முடியாது என்று தெரிந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அது கொடுமை இல்லை. முடியாத இடத்துக்கு வந்து மீண்டும் இடம் மாறுவதுதான் குழந்தைக்குப் பெரிய அடி.

அழைத்து வரும் நாளில் பராமரிப்பாளரிடம் பால் புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். சில காப்பகங்களில் வேகமாகக் குடிக்க நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். அதற்குப் பழகிய குழந்தை, புது நிப்பிளில் சொட்டுச் சொட்டாக வந்தால் உடம்பை வில்லாக வளைத்து அழும். பசியில்லை என்று நினைத்துவிடுவோம். அதே மாதிரி நிப்பிள், அதே கெட்டி, அதே சூடு என்று தொடங்கி மெல்ல மாற்றுங்கள். அண்ணப்பிளவு (வாயின் மேற்பகுதியில் பிளவு) உள்ள குழந்தைக்கு மூக்கு வழியே பால் வரும். நிமிர்த்திப் பிடித்து, அதற்கென்றே உள்ள அழுத்தும் புட்டியில் கொடுங்கள். தட்டில் மிச்சம் வைத்ததை ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள். கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் இருக்கட்டும்.

வந்த இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை செய்யுங்கள்: ரத்த அணுக்கள், ஈயம், தைராய்டு, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., சிபிலிஸ், காசநோய், வெவ்வேறு நாளில் 3 மல மாதிரிகள், கண், காது. தொற்றின் ஆரம்பத்தில் எடுத்தால் முடிவு தவறாகக் காட்டலாம் என்பதால், ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. சோதனைகளை 6 மாதம் கழித்து மீண்டும் செய்வார்கள். தடுப்பூசி அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்; எதிர்ப்பணு அளவைப் பார்க்கலாம், அல்லது மறுபடி போடலாம். அண்ணப்பிளவு இருந்தால் நடுக்காதில் நீர் கட்டிக் கேட்கும் திறன் குறைவது சகஜம், காதை விட்டுவிடாதீர்கள்.

இதயம், மூளை நீர் அழுத்தம் போன்ற அவசரம் இல்லையென்றால், அறுவை சிகிச்சையைச் சில வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். வலிக்கும்போது யாரைத் தேடுவது என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே முதல் சில மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பெற்றோர் கையால் மட்டும் நடக்கட்டும். யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு போகும் குழந்தையைப் பார்த்து, நன்றாக ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்னும் யாரையும் தன்னவராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று அதன் சொந்த நாட்டுக்கு அனுப்பும் தத்துக்குப் பிந்தைய அறிக்கைகளின் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அவை வராமல் போனால், காத்திருக்கும் அடுத்த குழந்தைகளுக்குக் கதவு மூடக்கூடும். விசா கிடைத்ததும் குடியுரிமையும் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பல நாடுகளில் அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. அதைப் போடாமல் விட்டு, வளர்ந்த பிறகு நாடு கடத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள். குடியுரிமைச் சான்றும், தத்து ஆணையின் சான்றளித்த நகல்களும் கைக்கு வந்ததும், குழந்தையின் பழைய கோப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.