எஸ்டேட் லைன் வீட்டுக்கு மாறினால் ஓட்டு: என் அனுபவம்

ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு ஓட்டை மாற்றப் படிவம் 8தான். படிவம் 6 புதிதாகச் சேர்பவர்களுக்கு. கோத்தகிரி குன்னூர் தொகுதியில் வருவதால் ‘தொகுதிக்கு வெளியே’ என்பதை டிக் செய்ய வேண்டும். லைன் வீட்டில் (தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்குத் தரும் வரிசை வீடு) கரண்ட் பில் நம் பெயரில் இருக்காது; புது முகவரியுள்ள ஆதாரோ வங்கி பாஸ்புக்கோ போதும். பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) விசாரிக்க வரும் நேரம் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். மனு தேங்குவது இங்கேதான். முன்னதாகவே போன் செய்து, வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராகிறது. வார்டு சரியா என்று தனியாகப் பாருங்கள். கிராம ஊராட்சியில் நான்கு வாக்குச்சீட்டு: வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத்தில் மட்டும் முத்திரை குத்தி, முதலில் நீளவாக்கில் மடியுங்கள். குறுக்கே மடித்தால் ஈர மை வேறு சின்னத்திலும் ஒட்டும்.