வாட்டைப் பார்த்து ஆம்ப் வாங்கினால்

போன ஞாயிற்றுக்கிழமை ரங்கூன் திங்கன்ஜூனிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். ஜப்பான் பழைய சாமான் கடையில் ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), வேறொருவரிடம் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர். "எல்லாம் நல்ல கம்பெனிதாண்ணே. சத்தம் ஏத்தினா கரகரங்குது, ஆம்ப் சுடுது" என்றான். ஸ்பீக்கருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். போனில் படம் இருந்தது, பெரிதாக்கினோம். 4 ஓம் (கரண்டைத் தடுக்கிற அளவு), 85 டெசிபெல் (கொடுக்கிற கரண்டுக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு). எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2009-இல் நான் ஏமாந்ததும் இதே எண்களில்தான்.

சிவப்பு, கறுப்புக் கம்பியை மாற்றிச் செருகுவது மாதிரியான தவறுகள் ஒரு தடவை செய்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆம்ப், ஸ்பீக்கர் விஷயத்தில் காசைத் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாட் கணக்கு

அப்போது என் ஆம்ப் ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு 45 வாட். அதன் பின் தகட்டில் 6–16 ஓம் ஸ்பீக்கருக்கு என்று அச்சடித்தே இருந்தது. ஸ்பீக்கர் விற்றவர், "ஓம் கொறையக் கொறைய நல்லா கத்தும் தம்பி" என்றார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் காசு அழுதேன்.

அந்தத் தீபாவளி ராத்திரி வீடு நிறைய ஆட்கள். பேச்சுச் சத்தத்தில் பாட்டு எடுபடவில்லை, வால்யூமை முறுக்கிக்கொண்டே போனேன். பத்து மணி வாக்கில் உள்ளே 'டக்' என்று பாதுகாப்பு ரிலே விழுந்து ஆம்ப் ஊமையானது. மூடியில் கை வைக்க முடியவில்லை. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, சூடு ஆறினதும் மறுபடி போட்டேன் பாருங்கள், அதுதான் பெரிய முட்டாள்தனம். கொஞ்ச நேரத்தில் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. ஹை சத்தம் போடுகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இரண்டும் காலி.

பெரிய ஆம்ப் போட்டால்தான் ஸ்பீக்கர் போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் வீட்டில் கொன்றது சின்ன ஆம்ப். தன் சக்திக்கு மேல் கேட்டால் ஆம்ப் அலையின் தலையை வெட்டிவிடும், இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வெட்டுப்பட்ட அலையில், பாட்டில் இல்லாத ஹை சத்தமெல்லாம் புதிதாக முளைக்கும். அது போய்ச் சேருகிற இடம் ட்வீட்டர். அதன் சுருளில் (காயில்) இருப்பது முடி போன்ற கம்பி, சில வாட் தொடர்ந்து போனாலே கருகிவிடும். கரகரப்பு கேட்ட அந்த நிமிஷமே குறைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

சரி, 45 வாட் ஏன் போதவில்லை? டெசிபெல் எண்ணை வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓமுக்கு அது 2 வாட். அதாவது என் 85-ஐ ஒரு வாட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 82-தான். மாடி வீட்டுக்காரரிடம் இருந்தது 8 ஓம், 91 டெசிபெல். 9 டெசிபெல் வித்தியாசம். 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும், 9 குறைந்தால் எட்டு மடங்கு. என் ஆம்ப் 45 வாட்டுக்கு மூச்சு வாங்குகிற சத்தத்தை அவருடையது ஆறு வாட்டுக்குள் போட்டுவிடும்! தீமிதிக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைப் பாருங்கள். 30 வாட்டில் இரண்டு தெருவுக்குக் கேட்கிறது. அது வாட்டின் பெருமை இல்லை, குழாயின் பெருமை.

ஓம் தனிப் பிரச்சினை. ஓம் பாதியானால் அதே வோல்டேஜுக்கு இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். தகட்டில் 4 என்று இருந்தாலும் சில சுருதிகளில் 3 பக்கம் இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. 6-க்குக் கட்டின ஆம்ப் சுடாமல் என்ன செய்யும்? இதில் 'ஏ+பி' பொத்தானை அமுக்கி இன்னொரு 4 ஓம் ஜோடியையும் சேர்த்தால் பல ஆம்ப்பில் 2 ஓம் ஆகிவிடும். அந்தத் தம்பி அடுத்து அதைத்தான் செய்யப் போவதாக இருந்தான்.

ஆகவே ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் ஓம், டெசிபெல் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் ஆம்ப் கடைக்குப் போங்கள். 8 ஓம், 90 டெசிபெல் என்றால் நம் ஹாலுக்கு நேர்மையான 30 வாட் தாராளம். 4 ஓம்தான் பிடித்திருக்கிறது என்றால், 4 ஓம் என்று ஆம்ப் தகட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் சேராது.

பி.எம்.பி.ஓ. வாட்

பெட்டியில் பெரிதாகப் போடுகிற அந்த உச்சக் கணக்கு வாட்டே இல்லை. தொடர்ந்து கொடுக்கிற வாட்டான ஆர்.எம்.எஸ். கேளுங்கள்.

100 வோல்ட்

ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், ரங்கூனில் 230. அங்கிருந்து வந்த ஆம்ப்பை நேரே செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போதும் கஞ்சத்தனம் வேண்டாம். தகட்டில் கரண்ட் இழுப்பு 200 வாட் என்று போட்ட ஆம்ப்புக்கு 300 வி.ஏ. (டிரான்ஸ்ஃபார்மர் தாங்குகிற அளவு) கொடுங்கள்.

பன்னிரண்டரை அடி ஹால்

ரங்கூன் டவுனில் நம்மில் பலர் இருப்பது பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம் உள்ள வீடுகளில். கீழே டைல்ஸ், இரண்டு பக்கமும் மொட்டைச் சுவர். அந்த அகலத்துக்கு 45 ஹெர்ட்ஸ் (ஆழமான அடிச்சத்தம்) பக்கம் சுவருக்குச் சுவர் ஒரு கும்மல் நிற்கும். இதில் பத்து அங்குல வூஃபர் (அடிச்சத்தம் போடுகிற பெரிய கோன்) உள்ள டவரைக் கொண்டுபோய் மூலையில் திணித்தால் தவிலில் தொப்பியும் வலந்தலையும் ஒன்றாகக் குழம்பிவிடும். பெரிசு வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன். இப்போது ஆறரை அங்குல வூஃபர் உள்ள சின்னப் புக்‌ஷெல்ஃப், ஸ்டாண்டு மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் என்றால் அந்த இரண்டடி கட்டாயம். வீட்டில் திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர்

கரண்ட் போன பிறகும் பாட்டு வேண்டும் என்பவர்கள் ப்யூர் சைன் (வளைவான அலை கொடுக்கிற) இன்வெர்ட்டராகப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி அலை கொடுக்கிற மலிவான மாடிஃபைடு சைனில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் வண்டு போல முரலும், அந்த முரலல் ஸ்பீக்கரிலும் வரலாம். ஆம்ப் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களே மூன்று பேர். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் கரண்ட் போனதும் ஆம்ப் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், திரும்ப வருகிற நேரத்தில் வோல்டேஜ் எகிறும்.

ஸ்பீக்கர் கம்பி

நாலைந்து மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் மி.மீ. காப்பர் போதும், மிச்சக் காசுக்கு மொகிஞ்சா சாப்பிடுங்கள்.

பழைய ஸ்பீக்கரின் எட்ஜ்

வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். ரப்பரும் துணியும் தாக்குப்பிடிக்கும். ஃபோம் என்றால் நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் பத்துப் பதினைந்து வருஷத்தில் உளுத்துவிடும். விரலில் கறுப்பாகப் பொடி ஒட்டினால் இரண்டு பக்கமும் எட்ஜ் மாற்றுகிற கூலியை விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள்.