தரவுக் கிடங்கை நெடுக்காகப் பகுத்துக் கட்டுவது எப்படி: அஜைல் முறைக்கு ஒரு வழிகாட்டி

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, மென்பொருள் உருவாக்கத்துக்காக எழுதப்பட்டது. சிறு சிறு பகுதிகளாகக் கட்டி, பயனாளரிடம் காட்டித் திருத்திக்கொண்டே செல்வதே அந்த முறை. பல மென்பொருள்களின் தரவை அறிக்கைகளுக்காக ஓரிடத்தில் சேர்க்கும் தரவுக் கிடங்கிலோ, என்றோ யாரோ எழுதிய மென்பொருள்கள் சேர்த்துவைத்த தரவைப் புரிந்துகொள்வதே பெரும்பாடு என்பதால், அந்த முறையை அப்படியே பொருத்தினால் இடறும்.

முதல் இடறல், குறுகிய வேலைச் சுற்றுகளான ஸ்பிரிண்டுகளை அடுக்குவாரியாகப் பிரிப்பதில் நேர்கிறது. மூலத் தரவு முதலில், கிடங்கு அடுத்து, அறிக்கை கடைசியில் என்று திட்டமிட்டால் பயனாளர் முதல் எண்ணைப் பார்க்கவே மாதக்கணக்காகிவிடும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பல கிளைகள் கொண்ட துணிக்கடை என்றால், 'நேற்று ஒவ்வொரு கிளையிலும் நிகர விற்பனை எவ்வளவு?' என்பதே போதும். இதுவே நெடுக்காகப் பகுப்பது: பில்லிங் மென்பொருளிலிருந்து, எண்களைக் காட்டும் திரையான டாஷ்போர்டு வரை அதற்குத் தேவையானதை மட்டும் இரண்டு வாரத்தில் கட்டி, உண்மைத் தரவுடன் கிளை மேலாளரிடம் காட்டுங்கள்.

காட்டும்போதுதான் சிக்கல் வெளிப்படும். திங்களன்று 1,250 ரூபாய்க்கு விற்ற சட்டை புதனன்று திரும்பி வருகிறது. மென்பொருள் அதைப் பழைய பில்லின் தேதியிலேயே மைனஸ் தொகையாகப் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று மேலாளர் பார்த்த திங்கள்கிழமை விற்பனை, வியாழனன்று 1,250 ரூபாய் குறைந்து நிற்கும். அதை எந்த நாளில் கழிப்பது என்பதைக் கணக்குப் பிரிவு முடிவு செய்ய வேண்டும். நிரல் எழுதுபவர் ஊகிக்கக் கூடாது. ஆகவே செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகிலிருந்து எதையும் ஸ்பிரிண்டுக்குள் எடுக்குமுன், அதற்குரிய மூல அட்டவணைகளில் வெற்று மதிப்புகள், இரட்டைப் பதிவுகள், மைனஸ் தொகைகள் உள்ளனவா என்று ஒரு நாள் முழுவதும் அலசுங்கள். எவ்வளவு அவசரம் இருந்தாலும் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாதவை இரண்டு உண்டு. விற்பனை போன்ற நிகழ்வுகளின் எண்களைச் சேமிக்கும் ஃபேக்ட் டேபிளில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பது ஒன்று. பில்லிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி வையுங்கள். நாள் மொத்தத்தை மட்டும் சேமித்துவிட்டால், சட்டை எத்தனை, புடவை எத்தனை என்ற கேள்விக்கு அதிலிருந்து விடை எடுக்க இயலாது. மற்றொன்று வரலாறு. ஒரு கிளை மேற்கு மண்டலத்திலிருந்து தெற்குக்கு மாறும்போது மூல மென்பொருள் பழைய மதிப்பின் மேலேயே எழுதிவிடுமானால், அழிந்தது அழிந்ததுதான். எந்த அறிக்கையும் கேட்காவிட்டாலும், முதல் ஸ்பிரிண்டிலிருந்தே அந்த மாற்றங்களைத் தேதியுடன் சேமித்து வாருங்கள்.

இரண்டாவது கேள்விக்குச் செல்லும்போது கிளை, பொருள், தேதி ஆகிய டைமென்ஷன்களை (எண்களைப் பிரித்துப் பார்க்க உதவும் அட்டவணைகளை) புதிதாக உருவாக்காமல், முதல் கேள்விக்குக் கட்டியவற்றையே பயன்படுத்துங்கள். தரவுக் கிடங்கு வல்லுநர் ரால்ஃப் கிம்பால் பரப்பிய பஸ் மேட்ரிக்ஸ் என்ற கட்டம், வணிகச் செயல்களை வரிசைகளிலும் டைமென்ஷன்களை நெடுவரிசைகளிலும் இட்டு, எது எங்கே பொதுவானது என்பதை ஒரே தாளில் காட்டிவிடும்.

ஒவ்வோர் இரவும் தரவு ஏறியதும், வரிகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று தானாகவே சரிபார்க்கும் சோதனை இல்லாமல் எந்த வேலையையும் 'முடிந்தது' என்று குறிக்காதீர்கள். ஒத்துப்போகாத நாளில் டாஷ்போர்டு முந்தைய நாளின் எண்களையே, அவற்றின் தேதியைத் தெளிவாகக் குறிப்பிட்டு, காட்டட்டும்.